எண்ணெய்த் துளையில் அரை வாத்து

நான் செய்த தப்புக்காக என் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதற்காக என்னை யாருமே திட்டவில்லை என்பதில் அதைவிடப் பெரிய கோபம்.

பெருமாநல்லூர்ப் பக்கம், பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டும் பட்டறையில் வேலை. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிற கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து, சுழலவிட்டு, கனமான பக்கம் துளைபோட்டு, அதிராமல் ஓடும்படி சமன்செய்வேன். சரிபார்ப்புச் சீட்டில் கையெழுத்து மட்டும் முதலாளி போடுவார். ஒருநாள், "இந்த எஞ்சினத் தனியாப் பண்ணுங்க கண்ணு. நல்லா ஓடுச்சுன்னா இனி உங்க கையெழுத்துத்தான்" என்றார்.

இருபத்திரண்டு வரிகளில் பட்டியல் போட்டேன். (பல் துலக்குவதற்கே பட்டியல் வைத்திருந்தவள் நான்.) பதினொன்று: இரும்புத்தூள் போகாமல், பிஸ்டன் கம்பி மாட்டும் நான்கு இடங்களின் எண்ணெய்த் துளைகளையும் துணியால் அடைக்கவும். பத்தொன்பது: துணியை எடுக்கவும். பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஊரில் துணிக்கா பஞ்சம்? மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்ட். அடைத்தேன், எடுத்தேன், டிக் அடித்தேன். காற்றும் அடித்துப் பார்த்தேன். காற்று எல்லாத் துளையிலும் வந்ததா என்று கேட்கத்தான் பட்டியலில் வரி இல்லை.

அந்த எஞ்சின் போகவேண்டிய காரின் சொந்தக்காரர், நெருப்பெரிச்சல் என்ற பக்கத்து ஊரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். எதிரே நின்ற என்னைத் தாண்டிப் பார்த்து, "ஏனுங்க, இஞ்சினியர் எங்கீங்க?" என்றார். அந்த அவமானத்துக்குப் பதிலாக எஞ்சினை ஓடவிட்டேன். பதினோரு நிமிடம் பாலாக ஓடியது. பிறகு டொக், டொக். நின்றேவிட்டது.

பிரித்தோம். மூன்றாவது இடம் எண்ணெயில்லாமல் கருகியிருந்தது. துளைக்குள்ளிருந்து சாமணத்தால் இழுத்தேன். மஞ்சள் துணி, அதில் அச்சடித்த அரை வாத்து.

"என் தப்புதானுங்க" என்றேன்.

கார்க்காரர் துணியை விரித்துத் தையலைப் பார்த்தார். "இது எங்க கம்பெனி கொழந்த பனியனுங்க" என்றவர் சிரித்துவிட்டார். "எங்க தையல் மிஷின்ல ஊசி ஒடஞ்சா, எல்லாத் துண்டையும் பொறுக்கிக் காட்டுனாத்தான் வேற ஊசி குடுப்போமுங்க. இத்தன படிச்ச புள்ளைக்கு இத யாரும் சொல்லலீங்களா?"

பட்டறையில் லேத் ஓட்டும் அண்ணன் இதைச் செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்கள். எனக்கு டீ வாங்கித் தந்தார்கள், சர்க்கரை தூக்கலாக. என்னையும் திட்டுங்கள் என்று முறையாகவே கேட்டேன். "அழுவாதீங்க சாமி" என்றார் முதலாளி. நான் அழவேயில்லை.

ஷாஃப்டை மறுபடி நானே கடைந்தேன். கையெழுத்து உரிமை ஒரு வருடம் தள்ளிப்போனது. இப்போது பட்டறையில் துணிக்கு ஒரு நோட்டு உண்டு: கொடுத்தது எத்தனை, திரும்பியது எத்தனை. எழுதுவது நான்தான்.

வீட்டில் காய்ந்த துணி எடுக்கும்போதெல்லாம் தங்கை மாடியிலிருந்து சிரித்துக்கொண்டே கத்துவாள்: "அக்கா, நாலு போட்டோம், மூணுதான் வந்துச்சு." இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, மாடியேறிப் போய் எண்ணிப் பார்க்கிறேன்.