டிராயிங் சாரின் டீமும் என் தூக்கமும்

டிராயிங் சார் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஐந்து வருஷம் ஒரே மாடியில் இருந்தோம். சாப்பாடு நின்றுகொண்டு. பேப்பர் நடந்துகொண்டு. ஒரே ஒரு தடவை உட்கார்ந்தார். அதையும் நான் பார்க்கவில்லை. நாற்காலிச் சத்தம்தான் கேட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எழுபதுகளில் மொன்ட்ரியாலில் சென்ட் லோரன்ட் பக்கம் குடியிருந்தோம். சார் விமான பாகம் செய்யும் ஃபாக்டரியில் டிராயிங் போடுகிறவர். மெட்ராஸ்காரர். நான் ரொட்டி ஃபாக்டரியில் அடுப்புப் பக்கம். ஒரு டாக்டர் வீட்டுக்குச் சமையலுக்கு என்று இந்த ஊருக்கு வந்தவன். அவர்கள் வேறு ஊருக்குப் போனார்கள். நான் போகவில்லை. சாரிடம் ஒரு அறை காலியாக இருக்கிறது என்று சொன்னார்கள். போய்க் கேட்டேன்.

"குறட்டை விடுவியா?" என்றார். விடமாட்டேன் என்றேன். பேஸ்பால் பார்ப்பாயா என்று கேட்டார். அப்படி என்றால் என்ன என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "போகப் போகச் சரியாயிடும், வா" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பேக்கரி.

எனக்குச் சரியாகவில்லை. ஒருத்தன் எறிவான், ஒருத்தன் உருட்டுக்கட்டையால் அடிப்பான், அடித்தவன் ஓடுவான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கிரிக்கெட் மாதிரிதானே சார் என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சாரும் அந்த ஊர் டீமும் ஒரே வருஷம் வந்தவர்கள். அறுபதுகளின் கடைசி. இவர் வந்து இறங்கின ஏப்ரலில்தான் ஊருக்கு முதன்முதலாக டீம் வந்தது. ஆபீஸ்காரர்கள் கூட்டிப் போயிருக்கிறார்கள். குளிரில் பல் அடித்துக்கொள்ளப் பார்த்தாராம். டீம் தோற்றதாம். "நான் இந்த ஊரைக் கத்துக்கறதுக்குள்ள அவனுங்க ஆட்டத்தைக் கத்துக்குவானுங்கன்னு நினைச்சேன்யா" என்பார். சார் ஊரைக் கற்றுக்கொண்டார். பிரெஞ்சு பேசினார். பனியில் வழுக்காமல் நடந்தார். டீம் தோற்றுக்கொண்டே இருந்தது. பத்து வருஷம்.

மைதானத்திலும் உட்காரமாட்டார். சீட்டில் கோட்டை உட்கார வைத்துவிட்டு, பின்னால் படிக்கட்டுப் பக்கம் நடந்துகொண்டே பார்ப்பார். காவல்காரன் வந்து, ஐயா உங்கள் இடத்துக்குப் போங்கள் என்றானாம். அங்கே ஆள் இருக்கிறது என்று கோட்டைக் காட்டினாராம்.

வெளியூர் ஆட்டமென்றால் வீட்டு நடைவழியில் நடப்பார். கையில் டிரான்சிஸ்டர். காதில் ஒயர். பன்னிரண்டு அடி போக, பன்னிரண்டு அடி வர. பலகைத் தரை. கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரி இருந்தாள். பிரெஞ்சுக்காரி; மதாம் என்போம். முதல் வருஷம் விளக்குமாற்றுக் கட்டையால் மேலே இடித்தாளாம். அப்புறம் அவளும் அதே டீம் என்று தெரிந்தது. இடிப்பது நின்றது. சாரின் நடையைக் கேட்டே ஸ்கோர் சொல்லிவிடுவேன், எனக்கு ரேடியோ எதற்கு என்பாளாம். வேகமாக நடந்தால் நம் ஆள் ஓட்டத்தில் இருக்கிறான். சட்டென்று நின்றால் அவுட்.

நான் சிரித்தேன். ஒரு நாள் எனக்கே அது உதவும் என்று அப்போது தெரியாது.

பதினோராவது வருஷம் டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. சாருக்கு முதலில் சந்தேகம். பேப்பரில் தப்பாகப் போட்டுவிட்டான் என்றார். நாலு மாதம் கழித்துத்தான் நம்பினார். நம்பின அன்று நடைவழிச் சுவரில் டிராயிங் பேப்பரை ஒட்டினார். நீல பென்சில் கோடு நம் டீம். கறுப்புக் கோடு போட்டிக்காரன், பிட்ஸ்பர்க்காரன். பிரிவில் முதலாவதாக வருகிறவன் அக்டோபரில் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான ஆட்டம், ஆடுவான். இரண்டாவதாக வந்தவன் வீட்டுக்குப் போகலாம். சார் பேப்பரை அக்டோபர் முடிவு வரைக்கும் நீளமாகவே ஒட்டிவிட்டார். கழிப்பறைக் கதவில் பாதி அதற்குப் போயிற்று.

ஆகஸ்ட் கடைசியில் என்னை இரவு வேலைக்குப் போட்டார்கள். காலையில் வந்து சமைப்பேன். மத்தியானம் படுத்தால் ஒன்பது மணிக்கு அலாரம். பதினொன்றுக்கு வேலை. ஆட்டம் ஏழரைக்கு.

ஒரு நாள் தாகம் எடுத்து எழுந்தேன். தண்ணீர் குடிக்க நடைவழிக்கு வந்தேன். அதே நேரம் ரேடியோவில் எதிராளி ஒருத்தன் அடித்த பந்து வேலிக்கு அப்பால் போயிற்றாம். சார் நின்றார். என்னைப் பார்த்தார். பென்சிலை எடுத்துக்கொண்டு பேப்பருக்குப் போனார்.

"பேக்கரி, உன்னை நைட் ஷிஃப்டுக்கு எப்போ மாத்தினாங்க?"

சொன்னேன். கோட்டில் அந்த நாளைத் தேடினார். நீலக் கோடு அங்கேதான் நிமிர்ந்திருந்தது.

"நீ தூங்கினா ஜெயிக்கறான்யா."

தற்செயல் சார் என்றேன். ராகுகாலம் பார்க்கிறவர்களைக் கேலி செய்கிற மனிதர் அவர். நான் சயின்ஸ் படித்தவன், மூன்று ஆட்டம் சோதித்துப் பார்ப்போம் என்றார். இரண்டு ஆட்டம் தூங்கினேன். ஜெயித்தது. மூன்றாவது ஆட்டத்துக்கு வேண்டுமென்றே என்னை எழுப்பி உட்கார வைத்தார். தோற்றது. சார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தோற்றதற்கு அவர் சந்தோஷப்பட்டது அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் நான் தூங்குவது என் கையில் இல்லை.

ஜன்னலில் டிராயிங் பேப்பர் ஒட்டி இருட்டாக்கினார். தான் நடக்கிற சத்தம் கேட்கக் கூடாது என்று காலில் மூன்று ஜோடி சாக்ஸ். மத்தியானம் எனக்குத் தயிர் சாதம் அவரே பிசைந்தார். இரண்டு பேர் சாப்பிடுகிற அளவு. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் கண் சொக்கும் என்று, மெட்ராஸிலிருந்து வந்த நல்லெண்ணெயை எடுத்தார். வெங்காயம் வதக்கக்கூட அந்தப் பாட்டிலை அவர் திறந்ததில்லை. என் தலையில் கவிழ்த்தார். கீழே மதாமிடம் விஷயத்தைச் சொல்லி, ஆட்டம் முடிகிறவரை வாக்குவம் மிஷின் போடக் கூடாது என்றார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். மிஷினைத் தூக்கிப் போய் காரேஜில் வைத்தாள். சாரிடம் ஒரு தமிழ் வார்த்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கடைத்தெருவில் என்னைக் கண்டால் போன்ஜூர் சொல்கிறவள், அதற்கப்புறம் தூரத்திலிருந்தே "தூங்கு" என்றாள்.

ஒரே தொல்லை சார்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறப்பார்.

"பேக்கரி, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன் சார்."

"அப்போ பதில் சொல்லாதே."

ஒன்பது மணிக்கு அலாரம் அடித்தால் ஓடிவந்து அமுக்குவார். இன்னும் இரண்டு இன்னிங்ஸ் இருக்கிறது, கண்ணைத் திறக்காதே என்பார். கண்ணைத் திறக்காமலே சட்டை போட்டிருக்கிறேன். பஸ் ஸ்டாப்புக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறார். டிரைவர் எனக்குக் கண் தெரியாது என்று நினைத்து எழுந்து வந்து இடம் பிடித்துக் கொடுத்தான்.

அந்தக் கோடை முழுக்க மழை. நின்றுபோன ஆட்டமெல்லாம் செப்டம்பரில் சேர்ந்துகொண்டது. ஒரே நாளில் இரண்டு ஆட்டம். அப்போதெல்லாம் இரண்டு தடவை தயிர் சாதம். அந்த மாதம் எனக்கு ஆறு பவுண்டு ஏறியது. நீலக் கோடு கறுப்புக் கோட்டை ஒட்டிக்கொண்டு போயிற்று. ஒரு நாள் மேலே. ஒரு நாள் கீழே. சாரின் சாக்ஸ் குதிகாலில் ஓட்டை.

கடைசி வாரத்தில் சார் ஒரு கடிதத்தைக் காட்டினார். இங்கிலீஷ். எனக்குப் படிக்க வராது. அவரே சொன்னார். கம்பெனி டொரண்டோவுக்குப் போகிறது. கூட வருகிறாயா இல்லையா என்று ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"என்ன சொல்லப் போறீங்க சார்?"

"டீம் பிளேஆஃப் போச்சுன்னா நான் எங்கேயும் போகல. இங்கேயே வேற வேலை பாத்துக்குவேன். பத்து வருஷம் தோத்தவன்கூட இருந்துட்டு, ஜெயிக்கறப்ப விட்டுட்டுப் போறது நல்லா இருக்காது."

"போகலேன்னா?"

"எனக்கும் போதும்யா. கிளம்பிடுவேன்."

சரி சார் என்றேன். பக்கத்து அறையில் யார் இருந்தால் எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன். அன்றைக்குத் தூக்கம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கடைசி ஞாயிறு. மத்தியான ஆட்டம். உள்ளூரில்தான். நம் டீம் ஜெயிக்க வேண்டும், பிட்ஸ்பர்க்காரன் தோற்க வேண்டும். மதாம் இரண்டு டிக்கெட் வைத்திருந்தாள். ஒன்று சாருக்கு. பத்து வருஷம் காத்திருந்த ஆட்டம். சார் போகவில்லை. நான் போய்விட்டால் இவன் தூங்குகிறானா என்று யார் பார்ப்பது என்றார். மதாம் பக்கத்து சீட்டில் தன் கோட்டை வைத்துப் பார்த்தாளாம்.

எண்ணெய்க் குளியல் ஆயிற்று. தயிர் சாதம் ஆயிற்று. படுத்தேன். கண்ணை மூடினேன்.

தூக்கம் வரவில்லை.

திரும்பிப் படுத்தேன். ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணினேன். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. நான் தூங்கினால் எங்கேயோ ஒருத்தன் பந்தை எப்படி நன்றாக அடிப்பான்? ஆனாலும் தூங்கிவிட வேண்டும் என்று கிடந்தேன். அதனாலேயே வரவில்லை.

வெளியே சாரின் கால். மூன்று சாக்ஸையும் மீறிப் பலகை முனகியது. வேகமாகப் போயிற்று. நம் ஆள் ஓட்டத்தில். சட்டென்று நின்றது. அவுட். மறுபடி வேகம். மறுபடி நின்றது. ஆட்டம் முழுக்க அப்படித்தான். எனக்குப் பேஸ்பால் தெரியாது. அந்த ஆட்டம் மட்டும் முழுசாகத் தெரியும்.

கதவு திறந்தது. நான் மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். போதாது என்று குறட்டையும் விட்டேன். என் வாழ்க்கையில் நான் நடித்தது அது ஒன்றுதான். சார் கொஞ்ச நேரம் நின்றார். கதவை மெல்லச் சாத்தினார்.

பிறகு நடை மெதுவாயிற்று. பிறகு நின்றது. நெடுநேரம் ஒன்றுமில்லை. சமையல் அறையில் நாற்காலி கிரீச்சிட்டது. அந்த வீட்டில் அது சாரின் நாற்காலி. ஐந்து வருஷமாக அதில் அரிசி மூட்டைதான் உட்கார்ந்திருந்தது.

அப்புறம் வந்து எழுப்பினார். நானும் எழுந்திருக்கிற மாதிரி எழுந்தேன்.

"ஒரு ரன்கூட எடுக்கலய்யா. பிட்ஸ்பர்க்காரனும் ஜெயிச்சுட்டான்."

"சார்..."

"நீ உன் வேலையைச் சரியாப் பண்ணினே. அவனுங்கதான் பண்ணல. காபி போடட்டுமா?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. போடுங்க சார் என்றேன்.

அந்த மாதமே டொரண்டோ போனார். பெட்டியை மதாமும் நானும் கீழே இறக்கினோம். அவள் அழுதாள். நான் இரண்டாவது பெட்டியை எடுத்து வர மாடிக்குப் போனேன். சுவரில் பேப்பரை அவர் கிழிக்கவில்லை. செப்டம்பரோடு கோடு நின்றிருந்தது. மீதி அக்டோபர் வெள்ளையாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து டீம் ஒரு வழியாகப் பிளேஆஃப் போயிற்று. முதல் ஆட்டத்தன்றே டொரண்டோவிலிருந்து போன். நடந்துகொண்டுதான் பேசினார். ஒயர் எங்கேயோ மாட்டுகிற சத்தம் கேட்டது.

"சுவத்துல பேப்பர் இருக்கா?"

"இருக்கு சார்."

"நல்லது. இன்னைக்கு லீவு சொல்லிடு. போய்ப் படு."

இரண்டு வருஷமாக உள்ளே கிடந்ததை அப்போது சொன்னேன். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கவே இல்லை, என்னால்தான் போயிற்றோ என்னவோ என்றேன். அந்தப் பக்கம் நடை நின்றது.

"தெரியும்யா. நீதான் குறட்டை விடமாட்டியே."

அவருடைய சயின்ஸ் பிரகாரம் பத்து வருஷத்தைக் கெடுத்தவன் நான். தெரிந்துகொண்டேதான் காபி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

போனை வைத்தேன். லீவு சொன்னேன். ஜன்னலை மூடிவிட்டுப் படுத்தேன். நடைவழியில் யாரும் நடக்காததால், தூக்கம் வரத்தான் கொஞ்ச நேரம் ஆயிற்று.