உறை மன்னரின் காற்று வலை

ஒரு பொருளை வாங்கிய கையோடு, அந்தப் பொருளிடமிருந்து தப்பிக்க இன்னொரு பொருளை வாங்குகிறவர்கள் என்றோர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைப்பேசி வாங்குவார், அதற்கு உறை வாங்குவார், உறை அழுக்காகிவிடுமே என்று உறைக்கு ஒரு பை வாங்குவார், பிறகு பையை எங்கே வைத்தோம் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டுவார். மணி அடித்தால்? உறையைப் பிரிப்பதற்குள் கூப்பிட்டவர் ஓய்ந்துபோய்த் தூங்கியிருப்பார். மெத்தை வாங்கினால் அதன் பிளாஸ்டிக்கைப் பிரிக்காமல் ராத்திரியெல்லாம் சரசரவென்று புரண்டுகொண்டிருப்பார்.

இந்த இனத்துக்கு இன்னோர் அடையாளமும் இருக்கிறது. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்போது யார் எதைக் கேட்டாலும் "சரி" என்பார்கள். காதில் விழுந்துதான் சொல்கிறார்களா என்று ஆராயாதீர்கள். அந்தச் "சரி" அவர்கள் காதுக்குப் போட்டுக்கொண்ட உறை.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் உறை மன்னர். அப்பேர்ப்பட்ட மன்னர், யாரும் எதிர்பாராத விதமாகக் கூரை திறக்கும் கார் ஒன்றை வாங்கிவிட்டார். எதற்குத் திறந்த கார்? காற்று வாங்கத்தான். பொத்தானை அழுத்தினால் கூரை மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும், தலைக்கு மேல் வானம் தெரியும். பல வருஷக் கனவு அது. காரைத் துடைக்கும்போது அவர் முகத்தில் தெரிந்த கனிவைப் பார்த்து மனைவிக்குக்கூடக் கொஞ்சம் பொறாமைதான்.

ஆனால் பாருங்கள், காற்று வந்துவிட்டது! முன்கண்ணாடிக்கு மேலே ஏறிய காற்று, வந்தோம் போனோம் என்றில்லாமல் பின்சீட்டில் குப்புற விழுந்து, எழுந்து திரும்பி வந்து, மன்னரின் பிடரியில் ஓங்கி அறைந்தது. தொப்பி போட்டார், பறந்தது. தொப்பிக்கு நாடா கட்டினார், அது கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. பக்கத்து சீட்டில் மனைவி பேசியதெல்லாம் பின்னால் வந்த லாரிக்காரருக்குத்தான் கேட்டிருக்கும். மன்னருக்கு வாய் அசைவது மட்டும் தெரியும். பதிலுக்குத் தலையாட்டுவார். கோடைகாலம் முழுக்க ஆட்டினார்.

கடைசியில் காற்றுத் தடுப்பு ஒன்றை வாங்கி வந்தார். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிய கறுப்பு வலை. முன்சீட்டுகளின் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று, திரும்பி வரும் காற்றை மடக்கும். அதை மாட்டினால் பின்சீட்டில் யாரும் உட்கார முடியாது. காற்றுக்காகக் கார், காற்று வராமலிருக்க வலை. மன்னருக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

பொருத்துவது மிகச் சுலபம் என்று பெட்டியின் மேல் போட்டிருந்தது. படத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டே பொருத்துகிறான். மன்னர் சிரிக்கிற நிலையில் இல்லை. தலை பின்சீட்டுக்கு அடியில் கொக்கி தேட, கால்கள் இரண்டும் வானத்தைப் பார்த்து நின்றன. தெருவோடு போன தபால்காரர் ஆபத்து என்று நினைத்துக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். மன்னர் மறுபடி உள்ளே போனார். முதல் தடவை வலை முன்பின்னாக நின்றது. இரண்டாம் தடவை வலை கச்சிதமாக நின்றது, மன்னர்தான் அதற்குப் பின்பக்கம் மாட்டிக்கொண்டார்.

"என்னங்க, நாளைக்குக் காலையில சாவியைக் குடுத்துடலாமா?" என்று மனைவி வாசலிலிருந்து கேட்டார்.

"சரி" என்றது வலைக்குள்ளிருந்து ஒரு குரல்.

சாயங்காலம் வெள்ளோட்டம். கூரை மடிந்தது, கார் பாலத்தில் ஏறி வேகம் பிடித்தது. ஆகா! சோதனைக்காக முன்னால் வைத்திருந்த காகிதக் கைக்குட்டை அசையவே இல்லை. பிடரி நிம்மதியாக இருந்தது. அந்த அமைதியில் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுத்து விடாமல் கேட்டது.

"கடைசியா ஒரு சுத்து சுத்திட்டு வரணும்னு தோணுச்சே உங்களுக்கு. நல்லதுதாங்க."

"கடைசியாவா?"

"நாளைக்கு வேன்காரர் வந்து வேனை விட்டுட்டு இந்தக் காரை எடுத்துக்கிட்டுப் போறாருல்ல."

"எந்த வேன்காரர்?"

"என்னங்க இது! என் தம்பி குடும்பத்தோட நம்ம மாடிக்குக் குடிவர்றான், அஞ்சு பிள்ளைங்க, இந்தக் கார்ல எங்க உக்காருவாங்க, வேனா மாத்திக்கலாமான்னு கேட்டேனே. இதே பாலத்துலதான். எப்படி ஆட்டுனீங்க தலையை!"

"மாடியில என் உறையெல்லாம் இருக்கே?"

"அதையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமான்னும் கேட்டேன். அதுக்கு இன்னும் வேகமா ஆட்டுனீங்க."

மன்னர் பாலத்தைத் தாண்டிக் காரை ஓரங்கட்டினார். 'எனக்கு எதுவுமே கேட்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கார் பிழைத்துவிடும். வாயைத் திறந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமாங்க?" மனைவி முந்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "கல்யாணம் ஆனதுலேருந்து நான் பேசுறது உங்க காதுல விழுதா இல்லையான்னே எனக்குத் தெரியாது. இந்தக் கார் வந்தப்புறம்தான் என் முகத்தைப் பாத்து, நான் சொல்றதை முழுசாக் கேட்டு, தலையாட்ட ஆரம்பிச்சீங்க. எனக்கு அது போதும். இனிமே எந்த வண்டியில போனா என்ன?"

மன்னர் ஸ்டியரிங்கை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"சரி" என்றார். காதில் வாங்கிக்கொண்டு அவர் சொன்ன முதல் "சரி" அதுதான்.

மறுநாள் கார் போனது, வேன் வந்தது. கெட்டியான கூரை, மூடிய ஜன்னல். மச்சானின் ஐந்து பிள்ளைகளும் பின்னால் ஏறி ஆளுக்கொரு பக்கம் கத்துகிறார்கள். அந்த மூடிய வேனில் ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கறுப்பு வலை நிமிர்ந்து நிற்பதை நீங்கள் இப்போதும் பார்க்கலாம். எதற்கு என்று கேட்டால் "காத்துக்கு" என்பார். வலைக்கு ஓர் உறை தைக்கக் கொடுத்திருப்பதாகக் கேள்வி. மனைவி எதையாவது கேட்டால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்கிறார். அன்பு என்று நினைக்கிறார் மனைவி. பயம் என்று நினைக்கிறான் மச்சான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் முதல் வரியிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் வருகிறேன், நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே வந்தீர்கள். நடுவில் பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களை என்னவோ கேட்டார்கள், கண்ணை எடுக்காமல் அதற்கும் "சரி" என்றீர்கள். எதற்கு என்று போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். வாசலில் ஏதோ வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது.