நான்கு புதிய டயர்களும் உம் தமக்கையின் மறுமொழியும்

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்த மைத்துனர் அவர்களுக்கு,

உம் தமக்கையின் கணவன் எழுதுவது. இவ்விடம் இருவரும் நலம். உம் நலமும் உம் இல்லத்தார் நலமும் குன்றாது பெருகுக. புதிய வண்டி வாங்கியபோது பழையதை எமக்களித்த உம் கொடையுள்ளத்துக்கு நன்றி நவிலவே எழுதுகோலை எடுத்தேன். அந்நன்றி இரண்டாம் பத்தியிலேயே முறையீடாகத் திரும்பிவிடும், பொறுத்தருள்க.

மைத்துனரே, அம்மகிழுந்து பந்தயக் களத்துக்கென்று பிறந்து, குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை. தரையோடு தாழ்ந்த அதில் நாங்கள் ஏறுவதில்லை, இறங்குகிறோம்; வெளியே வருகையில் இறங்குவதில்லை, எழுகிறோம். சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் அது என் முதுகெலும்புக்கு அறிமுகம் செய்து வைக்கிறது. அதனையும் தாங்கினேன். தாங்க இயலாதது இரைச்சல். ஒலிபெருக்கி பழுதான கூட்டங்களில் கடைசி வரிசை வரை குரலைக் கொண்டு சேர்த்தவன் யான். அந்தக் குரல், நீர் கொடுத்த வண்டியில், பக்கத்து இருக்கைக்குப் போய்ச் சேரவில்லை.

போய்ச் சேர வேண்டிய தேவை என்ன என்பீர். தலைநகரில் பேச்சுப் பயிலரங்கம் ஒன்றன் தலைமைப் பொறுப்பை ஏற்குமாறு எனக்கு ஓராண்டாக அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. குடியிருக்க வீடும் தருகிறார்கள். இம்மாத இறுதிக்குள் முடிவு சொல்லாவிடில் வேறொருவரை அமர்த்திவிடுவார்கள். அவளின்றி நான் போவதாயில்லை; உம் தமக்கை உடன் வருவாளா என்பதே கேள்வி. எம் வீட்டிலோ வருவோர் போவோர் ஓய்வதில்லை. தனித்துப் பேச வண்டியைத் தவிர வேறிடம் இல்லை. நான் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவள் காதருகே கையைக் குவித்து, "டயர் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்பாள். வீட்டுக்கு வந்தால் வாசலில் நான்கு பேர் நிற்பார்கள். "சரி, நாளைக்குக் கார்ல போறப்ப பேசலாம்" என்பாள்.

ஆதலின் இரைச்சலை ஒழிப்பதென்று உறுதி பூண்டேன். முதலில் கதவுகளுக்குப் புதிய ரப்பர் போட்டேன். இரைச்சல் போகவில்லை, கதவுதான் மூட மறுத்தது. அடுத்து, காலடியில் தடித்த கம்பளம் விரித்தேன். அது மழைநீரைக் குடித்து, நனைந்த ஆட்டின் மணம் பரப்பியது. பிறகு, காற்றைக் குறைத்தால் மென்மை கூடும் என்று எவரையும் கேளாது முடிவு செய்து, நான்கு டயர்களிலும் காற்றை இறக்கினேன். வண்டி தோணிபோல் அசைந்து சென்றது. சில வாரங்களில் டயர்களின் இரு விளிம்புகளும் வழுக்கையாயின. இனிப் புதியன வாங்குவதன்றி வேறு வழியில்லை என்ற நிலையை, இவ்வாறு, நானே உருவாக்கினேன்.

அப்பொழுது தொலைபேசியில் நீர் சொன்னது நினைவிருக்கும். "அத்தான், அந்த வண்டிக்குப் போய் மெத்து மெத்துன்னு டயர் போடுறது, ஓட்டப்பந்தயக்காரன் கால்ல பஞ்சுச் செருப்பை மாட்டுற மாதிரி. வளைவுல ஜாலியே இருக்காது!" வளைவில் எனக்கு ஜாலி வேண்டாம், விடை வேண்டும் என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தேன்.

உம் தமக்கையோடு டயர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு டயர்களை உருட்டி வந்து முன்னே நிறுத்தினார். ஒன்றைத் தட்டி, "இது ரோட்டை அப்படியே கவ்விக்கும் சார். ஆனா கத்தும்" என்றார். மற்றதன் உட்புறத்தைத் தடவிக்காட்டி, "இது கத்தாது. உள்ள ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கு, சத்தத்தைக் குடிச்சிடும். பக்கமெல்லாம் இளக்கம், குழியே தெரியாது. ஆனா ஸ்டியரிங்கைத் திருப்பினா வண்டி ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் திரும்பும்" என்றார். யோசித்துத் திரும்புவது எவ்வாறு குறையாகும் என்று நான் தொடங்கினேன். காற்றடிக்க வந்தவர்களும் கூடிவிட்டனர். அமைதியின் மேன்மை குறித்து நான் உச்சத்தை எட்டிய வேளையில் ஒருவர், "சார், இதே சைஸ் என் வேனுக்கு வருமா?" என்று கேட்டார். கடைக்காரர் என் கையைப் பற்றி, "ஞாயித்துக்கிழமைதான் சார் கூட்டம். வந்து இப்படியே பேசிட்டுப் போங்க" என்றார்.

நாற்காலியில் அமர்ந்திருந்த உம் தமக்கை மட்டும், "அந்தக் கத்துற டயரே போட்டா என்ன? அதுவும் நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

"மேடம், சத்தம் வேணும்னு கேட்டு வந்த ஒருத்தரையும் நான் பார்த்ததில்ல" என்றார் கடைக்காரர். செலவுக்கு அஞ்சுகிறாள் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

புதிய டயர்களோடு புறப்பட்டோம். என்ன சொல்வேன்! அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுவது எனக்குக் கேட்டது. குரலை உயர்த்தாமல், தலைநகருக்கு வருகிறாயா என்று கேட்டேன். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"முழுசாவா?"

"இன்னிக்கு மட்டும் இல்ல. போன வருஷத்துல இருந்து நீங்க சொன்னது எல்லாமே கேட்டுச்சு."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"வரலைன்னு சொன்னா நீங்க பேச ஆரம்பிச்சுடுவீங்க. உங்ககிட்டப் பேசி யாரு ஜெயிச்சிருக்கா? பேசிப் பேசியே என்னைச் சரின்னு சொல்ல வெச்சுடுவீங்க. அப்புறம் அங்க வந்து உக்காந்துக்கிட்டு, நான் எப்போ சரின்னு சொன்னேன்னு யோசிச்சுட்டு இருப்பேன். அதான் டயர் மேல பழியைப் போட்டேன்."

பணி ஓய்வுக்குப் பின் அவள் கால்நடை மருத்துவரின் முன்மேசையில் வேலைக்குச் சேர்ந்தது உமக்குத் தெரியும். பொழுதுபோக்கு என்றே நான் கருதியிருந்தேன். "அங்க வர்ற நாய்க்கும் பூனைக்கும் நீங்க யாருன்னே தெரியாது. என்னைத் தெரியும். நான் மேசையை விட்டு எழுந்தா வாலாட்டுது" என்றாள்.

அன்று முதல் ஒன்றை எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். என் பேச்சின் நடுவே எழுந்து போனவர்கள் உண்டு, கல்லெறிந்தவர்களும் உண்டு. கேட்கவில்லை என்று பொய் சொல்லித் தன்னையும் என்னையும் ஒருசேரக் காத்துக்கொண்டவள் அவள் ஒருத்தியே. வென்ற வாதங்களை எல்லாம் என் கணக்கில் எழுதிவைத்திருந்தேன். அவற்றுள் எத்தனை, எதிரில் இருந்தவர் களைத்துப்போய்த் தலையசைத்தவை என்று இப்பொழுது விளங்கவில்லை.

ஆயினும், மைத்துனரே, வாய்ப்பு பெரிது, காலம் குறைவு. என் சொல்லுக்கு அவள் அஞ்சுகிறாள். உம் சொல்லை மதிப்பவள். ஆகவே, நீர் உடனே புறப்பட்டு வந்து, தலைநகரின் நலன்களை அவளுக்குப் பக்குவமாக எடுத்துரைத்து இசைய வைக்க வேண்டுகிறேன். அங்கும் நாய்கள் உள என்பதைத் தவறாது குறிப்பிடுக.

உம் இல்லத்தரசியாருக்கு என் வணக்கம். மக்கள் இருவரும் கல்வியிலும் முதுகுவலியற்ற வாழ்விலும் ஓங்குக.

என்றும் உம் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: வர வேண்டா. உறையில் இடுமுன் இதனை உம் தமக்கையிடம் படிக்கக் கொடுத்தேன். எழுத்துப்பிழை பார்ப்பாள் என்று எண்ணினேன். படித்து முடித்து, "என் தம்பியை எதுக்கு இழுக்கறீங்க? நீங்களே கேளுங்க. ஆனா கேள்வியா மட்டும் கேளுங்க, பின்னாடியே விளக்கம் வரக்கூடாது" என்றாள். ஒரே வரியில் கேட்டேன். "வரல" என்றாள். மறுப்புரைகள் என் நாவின் நுனிக்கு வந்து வரிசையில் நின்றன, ஒவ்வொன்றாக விழுங்கினேன். அவள் சற்றுநேரம் என் வாயையே பார்த்திருந்தாள். ஒன்றும் வராது என்று உறுதியானபின், சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினாள். பயிலரங்கத்துக்கு மறுப்பு எழுதி இதனோடு அஞ்சலில் சேர்க்கிறேன்.