பலாப்பழத்துக்கு விடை கண்டுபிடித்தவர்கள்

உலகத்திலேயே ஓடுகிற பஸ்ஸை விசிலடித்து நிறுத்தி, நாலெழுத்து வார்த்தை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, "ரைட், போலாம்" என்று சொன்ன ஒரே கண்டக்டர் கொண்டை ஊசிதான். இன்னொருவர் இருப்பதாக யாராவது நிரூபித்தால் என் ஜெராக்ஸ் மெஷினை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன். அதில் நடுப்பக்கத்தில் கறுப்புக் கோடு விழும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஓர் ஆதார் அட்டைக்கும் அடுத்த ஆதார் அட்டைக்கும் நடுவில் நிறைய நேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் ஏதாவது கெட்ட பழக்கத்துக்கு ஆளாகியிருக்கலாம். அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும் அல்லவா? எனக்கு இல்லாததால், வாட்ஸப்பில் ஒரு குறுக்கெழுத்துக் குழுவில் போய் விழுந்தேன்.

குறுக்கெழுத்து என்றதும் 'முருகனின் வாகனம் (3)' என்று கேட்டு, மயில் என்று நிரப்பிவிட்டுக் காபி குடிக்கப் போகிற வகை என்று நினைத்துவிடாதீர்கள். இது வேறு ரகம். ஒன்றைச் சொல்வதுபோல நடித்து வேறொன்றைச் சொல்லும். 'மாலையின் காலை உடைத்தால் ஏறலாம் (2)' என்று இருக்கும். பூமாலையா, சாயங்காலமா என்று நாம் மண்டையைப் பிய்த்துக்கொள்வோம். மாலை என்ற சொல்லிலிருந்து துணைக்காலை எடுத்துவிட்டால் மலை. ஏறலாம். அவ்வளவுதான் சமாசாரம். அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. இது எனக்குப் பிடிபடவே ரொம்ப நாள் ஆனது. பிடிபட்ட பிறகு வீட்டில் சாதாரணமாகப் பேச முடியாமல் போனது. "உப்பு தீர்ந்துபோச்சு" என்றாள் மனைவி. "எத்தனை எழுத்து?" என்று கேட்டேன். அன்றைக்குக் குழம்பிலும் அது தீர்ந்துதான் போயிருந்தது.

குழுவில் ஞாயிறு காலை புதிர் வரும், சாயங்காலம் விடை வரும். அதுவரை யாரும் விடையைப் பொதுவில் உளறக்கூடாது. பெயர், வேலை, ஊர் எதையும் யாரும் கேட்க மாட்டார்கள். பட்டப்பெயர்தான். எந்தப் புதிரையும் முக்கால்வாசிக்கு மேல் முடித்ததில்லை என்பதால் நான் 'முக்கால்'. துபாயிலிருந்து ஒருவர், 'ஒட்டகம்'. சென்னையிலிருந்து ஒருவர், 'தயிர்சாதம்'. எல்லோரையும் மேய்ப்பவர் கோயமுத்தூரில் ஒரு 'டீச்சர்'. பிறகு, கல்வராயன் மலையிலிருந்து கொண்டை ஊசி.

மலையில் டவர் கிடையாது. ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவில் மட்டும் எங்கிருந்தோ வந்து எட்டிப்பார்க்கும். அந்த இடத்திலிருந்துதான் தான் பேசுவதாக அவர் ஒருமுறை சொல்லிவிட்டார். டீச்சர் அன்றே பெயர் சூட்டிவிட்டார். நாலு விடை முடித்ததாகத் தகவல் வரும், ஆள் காணாமல் போவார். பகலெல்லாம் சத்தமே இருக்காது. மறுபடி நாலு விடை. மனிதர் அந்த வளைவில் அப்படி என்னதான் செய்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. பாறை உடைக்கிறார் என்றார் ஒட்டகம். தவம் செய்கிறார் என்றேன் நான்.

அவரிடம் ஒரு விசேஷம் உண்டு. எதை எழுதினாலும் அடைப்புக்குறி போட்டு எண்ணிக்கை கொடுத்துவிடுவார். 'காலை வணக்கம் (2,5)' என்பார். 'மழை (2)' என்பார். ஒட்டகத்தின் அப்பா தவறியபோது நாங்களெல்லாம் பத்தி பத்தியாக ஆறுதல் எழுதினோம். இவர், 'ஆழ்ந்த வருத்தம் (4,5)' என்று அனுப்பினார். அந்த அழுகையிலும் தான் எண்ணிப் பார்த்ததாகவும், சரியாக இருந்ததாகவும் ஒட்டகம் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

அவர் சொல்வதையெல்லாம் புதிர்க் குறிப்பாக எடுத்து உடைப்பதே எங்களுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது.

ஒருநாள் நண்பர் வீட்டுக் காதுகுத்துக்காக வெள்ளிமலைக்குப் போகும் மினி பஸ்ஸில் ஏறினேன். பாதி மலையில் விசில் சத்தம். பஸ் ஒரு வளைவில் நின்றது. சுற்றிலும் ஊரும் இல்லை, ஆளும் இல்லை. பிரேக் போய்விட்டதென்று நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பக்கத்தில் மூட்டையோடு இருந்த அம்மா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எறங்காதீங்க சார். டவருக்கு நிக்குது."

பார்த்தால், கண்டக்டர் படிக்கட்டில் ஒரு காலை வைத்து, உடம்பைப் பள்ளத்தாக்குப் பக்கம் சாய்த்து, கைபேசியை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம்யா! வண்டி சூடாவுது" என்றார் டிரைவர்.

"இருண்ணே, ஒண்ணே ஒண்ணு பாக்கி. மூணாவது எழுத்து ந்."

"பந்தலு" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பந்தல்ல ரெண்டாவதா வருது. கம்முனு குந்து."

"அப்ப மருந்து."

கண்டக்டரின் முகம் பளிச்சென்று ஆனது. "மருந்து! நாலெழுத்து, சரியா கீது! யார்ப்பா அது? எறங்கசொல்ல சொல்லு, டீ வாங்கித் தரேன்." தட்டி அனுப்பினார். "ரைட், போலாம்."

என் பாக்கெட்டில் கைபேசி துடித்தது. எடுத்துப் பார்த்தேன். 'முடிச்சாச்சு (6)' என்று கொண்டை ஊசி எழுதியிருந்தார்.

டிக்கெட் கொடுக்க வந்தவரிடம் மெதுவாக, "நான்தாங்க முக்கால்" என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம் இப்படிச் சொன்னால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் வழி காட்டுவார்கள். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாங்க, நான் இன்னும் கொஞ்சம் ஒசரமா நெனச்சிக்கினு இருந்தேன்."

அதற்குப் பிறகு அந்தப் பஸ்ஸில் யாருக்கும் டிக்கெட் கிடைத்த மாதிரி தெரியவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் குண்டா, ஒல்லியா? ஒட்டகம் கண்ணாடி போடுவாரா? எனக்கு எப்படித் தெரியும்? நானும் யாரையும் பார்த்ததில்லை. அதற்கு முன்பு சென்னையில் ஒருமுறை குழுவில் பலர் கூடினார்கள். எனக்குக் கடை, இவருக்கு லீவு கிடைக்கவில்லை.

"ஒரு தபா எல்லார் மூஞ்சியும் பாத்துடணுங்க" என்றார். "தெனம் பேசிக்கினு இருக்கோம். நாளைக்கே டீச்சர் இந்த வண்டியில ஏறுனா, டிக்கெட்டு வாங்கும்மான்னுதான கேப்பேன்? வேற ஆசைன்னு ஒண்ணும் ஜாஸ்தியா இல்ல எனக்கு."

"அதுக்கென்ன, ஒருநாள் எல்லாரையும் கூட்டிட்டு வரேன்" என்றேன். இந்த மாதிரி வாக்கெல்லாம் எனக்கு வாயிலேயே ஸ்டாக் இருக்கும்.

அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த கோடையில் ஒரு சனிக்கிழமை குழுவில் எழுதினார்.

'நம்ம வூட்டுப் பலா பழுத்திருக்கு. நாளைக்கு எல்லாரும் மேல வாங்க. வெள்ளிமலை பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்.'

அவ்வளவுதான். வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் "வருகிறேன்" என்றோ "வர முடியாது" என்றோ சொல்லியிருப்பார்கள். நாங்கள் பென்சிலைச் சீவினோம்.

'பலாவில் காலை எடுத்தால் பல' என்று ஆரம்பித்தார் தயிர்சாதம். 'மேல வாங்க என்றால் கீழிருந்து மேலே படிக்கச் சொல்கிறார்' என்றார் ஒட்டகம். 'எண்ணிக்கை கொடுக்கவில்லையே?' என்று டீச்சருக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. அதற்கும் ஒட்டகத்திடம் பதில் இருந்தது. 'அதுதான் டீச்சர் இதில் கஷ்டமே! எத்தனை எழுத்து என்பதையும் நாமே கண்டுபிடிக்கணும். என்ன மூளை பாருங்க!'

சனி முழுக்க உடைத்தோம். ஞாயிறும் உடைத்தோம். வந்திருந்த வாரப் புதிரை யாரும் தொடவில்லை. கடைக்கு வந்தவர்களை "கரண்ட் இல்லை" என்று திருப்பி அனுப்பினேன். மின்விசிறி என் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தது. மத்தியானம் எனக்குள் ஒரு மின்னல். பழம் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஒருவர் யாருக்காகக் காத்திருப்பார்?

'விருந்தாளி!' என்று தட்டினேன்.

கைதட்டல் கொட்டியது. முக்கால் முழுசாகிவிட்டார் என்றார் டீச்சர். என் வாழ்நாளில் எல்லோருக்கும் முன்னால் நான் விடை கண்டுபிடித்தது அந்த ஒரு தடவைதான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப நீங்க போகலையா?" என்றாள். புதிரைப் பற்றி ஒன்றும் தெரியாதவளிடம் என்ன விளக்குவது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, பஸ் வளைவுக்கு வருகிற நேரத்துக்குக் கொண்டை ஊசி வந்தார். முந்தின இரண்டு நாள் கூத்தையும் படித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, 'சரியான விடை' என்று மட்டும் எழுதினார். நான் இன்னொரு தடவை கைதட்டல் வாங்கிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து அந்தப் பஸ்ஸின் டிரைவர் லைசென்ஸ் நகல் எடுக்க என் கடைக்கு வந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதான அன்னிக்கு நம்ம கண்டக்டர்கூட பேசிக்கினு வந்தது? ஏங்க, ஒருத்தராவது வரக்கூடாதா?"

"எங்க?"

"இன்னா எங்க? பழம் திங்கத்தான். லீவு போட்டுட்டு, வெளுத்த சட்ட போட்டுக்கினு, பழத்த மடியில வெச்சிக்கினு பஸ் ஸ்டாண்டுல குந்திருந்தாரு. நான் மேல ஏறுற ஒவ்வொரு டிரிப்புக்கும் எழுந்து வந்து வண்டிய எட்டி எட்டிப் பாக்கறாரு. 'வூட்டுக்குப் போய்யா'ன்னேன். 'இல்லண்ணே, தூரத்துலேர்ந்து வராங்க, லேட்டாவும்'ன்றாரு. கடைசி டிரிப்புல பழத்த அறுத்து வண்டியில இருந்தவங்களுக்குக் குடுத்துட்டாரு. அவரு ஒரு சொள வாயில வெக்கல."

டிரைவருக்கு நகல் எடுத்துக் கொடுத்தேன். கறுப்புக் கோடு அவர் முகத்தின் குறுக்கே விழுந்திருந்தது. இன்னொன்று எடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

குழுவில் விஷயத்தைச் சொன்னேன். டீச்சர், 'போகலாம்' என்று எழுதினார். அதை யாரும் உடைத்துப் பார்க்கவில்லை.

ஆனால் துபாய் லீவும் கோயமுத்தூர் பரீட்சையும் சென்னை முழங்கால் வலியும் ஒத்துவரும் ஒரு ஞாயிறு கிடைப்பதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. இதற்கு நடுவில் அவர் குழுவில் பேசுவதே குறைந்துபோனது. சொல்லாமல் போய் அசத்திவிடலாம் என்றேன். என் யோசனைகளை யாரும் கேட்கக்கூடாது என்பது அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

பஸ்ஸில் வேறு கண்டக்டர் இருந்தார். நம் ஆளுக்கு லீவு போல என்று நினைத்துக்கொண்டோம். வீட்டைக் கண்டுபிடித்துப் போனோம். மரவள்ளிக் காட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே அவர் மனைவி வந்தார்.

"அவரு திருப்பூருக்குப் போயிட்டாருங்க, பையன்கிட்ட. காலு வலி. நின்னுக்கினே போற வேல இனிமே ஆவாதுன்னுட்டாங்க. அங்க ஒரு கம்பெனி கேட்டுல குந்தினு பாக்கற வேல. வேலையில இருக்கசொல்ல போனத் தொடக்கூடாதாம். கெழங்கு புடுங்கிட்டு நானும் போயிடுவேன்." எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கல்லாம் அந்தக் கட்டம் போடறவங்களா?"

தலையாட்டினோம்.

"பழம் இல்லையேங்க இப்ப. கொட்ட இருக்குது. வறுத்துத் தரட்டுமா?"

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைச்சாரல் என்றார். வறுத்த பலாக்கொட்டையை நாலு பேரும் தின்றோம். நான் ஜோக் ஒன்று சொல்ல வாயைத் திறந்தேன். அதில் இன்னொரு கொட்டையைப் போட்டு மூடினார் தயிர்சாதம்.

இறங்கும்போது அந்த வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். அங்கிருந்து கொண்டை ஊசிக்குப் போன் போட்டோம். நல்லவேளை, அன்று அவருக்கு வார லீவு. முதல் மணியிலேயே எடுத்தார்.

"வூட்டுக்கா வந்தீங்க? எல்லாருமா? சாப்ட்டீங்களா? அவ எதுனா குடுத்தாளா?" மூச்சு விடாமல் கேட்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று டீச்சர் ஆரம்பித்தார். "அட வுடுங்க டீச்சர், நானும்தான் எப்பப் பாத்தாலும் புதிர் மாதிரியே எழுதிக்கினு இருந்தேன். இன்னா பண்ணுவீங்க நீங்க? ஒண்ணு பண்ணுங்க. வரிசையா நின்னு ஒரு போட்டோ அனுப்புங்க. பாத்துக்கறேன்."

புதுக் கண்டக்டர் எடுத்துக் கொடுத்தார். அனுப்பினோம். பஸ்ஸில் இருந்தவர்கள் முனக ஆரம்பித்தும் டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. பதில் வந்தது.

'எல்லாரும் நெனச்சா மாதிரியே இருக்கீங்க. ஒட்டகத்துக்கு மட்டும் முடி கம்மி.'

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

'எனக்கு ஒரு எடம் வுட்டு நின்னிருக்கலாம்.'

மறுபடி இறங்கினோம், மறுபடி எடுத்தோம். அந்தப் படம்தான் இப்போது குழுவின் முகப்பு. இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், நடுவில் மலை. புதிதாகச் சேருகிறவர்கள், ஏன் இப்படி விலகி நிற்கிறீர்கள், சண்டையா என்று கேட்கிறார்கள். இல்லை, இன்னும் ஒருத்தர் வரணும் என்று டீச்சர் சொல்லிவிடுகிறார்.