ஆட்டோ அண்ணாச்சியின் அடக்கம்

கல்யாணத்துக்கு அழைத்தால்தான் போக வேண்டும், சாவுக்குக் காதில் விழுந்தாலே போக வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் யார் சாவு என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது. நான் விசாரிக்காமல் போனவன். என் வாழ்நாளில் நான் அதிகமாக அழுதது முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன்காரரின் குழிக்கருகில்தான். அதுவும் உள்ளே இருப்பது ஒரு பெண் என்று நினைத்துக்கொண்டு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பாளையங்கோட்டையிலிருந்து லைப்சிக் நகரத்துக்கு வேலைக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் என்னிடம் ஆங்கிலம் பேசுவார்கள். ஐந்து மணிக்கு மேல் யாரும் எதுவும் பேசமாட்டார்கள். சனியும் ஞாயிறும் வாயைத் திறக்காமலே கழியும். (திங்கட்கிழமை 'குட் மார்னிங்' சொல்லும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருக்கும்.)

நான் வேலைக்குப் போன மூன்றாம் மாதத்திலேயே ஊரில் அப்பா இறந்துவிட்டார். விமானம் மாறி, ரயில் மாறி நான் வீடு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அம்மாவைத் தேற்றினேன், துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன், ஆறாம் நாள் திரும்பிவிட்டேன். அழவில்லை. நேரம் வாய்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் என் மேலதிகாரியின் தாயார் காலமானார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நகரத்தின் பெரிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் என்று மின்னஞ்சல் வந்தது. நேர்முகத் தேர்வுக்குத் தைத்த கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, தவறான டிராமில் ஏறி, இறங்கி, சரியான டிராமைப் பிடித்து, பத்து நிமிடம் தாமதமாக ஓடினேன். அங்கே ஜெபக்கூடம் மூன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கதவு திறந்திருந்த முதல் கூடத்துக்குள் நுழைந்துவிட்டேன்.

உள்ளே ஒரு பெட்டி, ஒரு பாதிரியார், முன்வரிசையில் ஒரு மூதாட்டி. அவ்வளவுதான். மேலதிகாரியைக்கூடக் காணோம். பெத்த தாய்க்கு வராத பய என்று மனத்துக்குள் அவரைத் திட்டினேன். பெட்டியருகே ஒரு தாத்தாவின் படம் இருந்தது. இறந்த அம்மாவின் கணவராக இருக்கும் என்று நானே உறவுமுறை கட்டினேன். கூட்டமே இல்லையே என்ற இரக்கத்தில் நேராக முன்வரிசைக்குப் போய் மூதாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். சோகமாகத் தலையசைத்தேன். அவரும் அசைத்தார்.

பாதிரியார் பேசியதில் எனக்கு 'ஆமென்' மட்டும் புரிந்தது. பிறகு குழியருகே போனோம். மூதாட்டி மண் போட்டுவிட்டு, சிறு மண்வாரியை என்னிடம் நீட்டினார். நானும் அள்ளிப் போட்டேன். பெட்டியின் மேல் அது விழுந்த சத்தத்தைக் கேட்டதும், அப்பாவுக்கு நான் ஒரு பிடி மண்கூடப் போடவில்லை என்பது உறைத்தது. நான்கு மாதமாக வராத அழுகை வந்தது. "அப்பா! அப்பா!" என்று ஊர் கேட்கக் கத்தி அழுதேன். அப்படியே மண்ணில் விழுந்துவிட்டேன். பாதிரியார் ஒரு பக்கமும் மூதாட்டி ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள்.

மூதாட்டி என் கையை விடவே இல்லை. வாசலில் இருந்த காபிக் கடைக்கு அழைத்துப்போய் எனக்குக் கேக் வாங்கிக்கொடுத்தார். அவர் பெயர் ஹில்டா. கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வந்தது.

"உன் அம்மா எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டார்.

"இந்தியாவில். நன்றாக இருக்கிறார்."

"உன்னைத் தனியாகவா வளர்த்தாள்?"

"இல்லையே, அப்பாவும் இருந்தார்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் ஓட்டோ உங்களைப் பார்க்க வருவானா? என்னிடம் சொல்லவே இல்லையே!"

"ஓட்டோ யார்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "என் தம்பி. உன் அப்பா."

ஜெர்மன்காரர்கள் அப்பாவைப் 'பப்பா' என்பார்கள். நான் போட்ட கூச்சலில் அதுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. டிராம் ஓட்டிய, கல்யாணமே செய்துகொள்ளாத தம்பிக்கு இந்தியாவில் ஒரு ரகசிய மகன்! அக்காவும் தம்பியுமாக ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள்; வேறு சொந்தம் கிடையாது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேலதிகாரி, தாயார், டிராம், என் அப்பா. சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. தரை பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

"அரைமணி நேரம் எனக்கு ஒரு மருமகன் இருந்தான்," என்றார். பிறகு, "நீ ஓட்டோவை யாரென்று நினைத்தாய்?"

"என் மேலதிகாரியின் அம்மா என்று."

ஒரு நொடி திகைத்தார். அப்புறம் சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளம்பும்போது ஒரு தாளில் முகவரி எழுதிக் கொடுத்தார். "ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சீட்டு விளையாடுவோம். தனியாக விளையாட முடியாது."

மறுநாள் மேலதிகாரியிடம், தவறான அடக்கத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுதாரா சிரித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

சனிக்கிழமை அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஏல, செத்தது ஆம்பிளையா பொம்பிளையான்னுகூடப் பாக்காமலா அழுதே?"

"படத்தப் பாத்தேம்மா. வீட்டுக்காரருன்னு நெனச்சேன்."

"பாவி! என்னைய அந்த ஆட்டோ அண்ணாச்சிக்குக் கெட்டிக் குடுத்துட்டு வந்திருக்கியேல!" (ஓட்டோ என்று மூன்று முறை சொல்லியும் அம்மா வாயில் ஆட்டோதான் வந்தது.)

சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். சிரித்து ஓய்ந்ததும், "அந்தம்மா தனியாவா இருக்காவ?" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்பம் போயிப் பாத்துட்டு வா. ஒனக்கு அத்தைன்னு ஆயிப்போச்சுல்லா."

மூன்று வருடம், ஞாயிறுதோறும் போனேன். சீட்டில் ஒரு தடவைகூட அத்தை என்னை ஜெயிக்க விட்டதில்லை. ஒரு நாள் தேங்காய்ப் பால் வாங்கிக்கொண்டு போய் சொதி வைத்துக்கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டு, "ஓட்டோவுக்குப் பிடித்திருக்கும்," என்றார். நான் ஊர் திரும்பியபோது ரயில் நிலையம்வரை வந்தார். அன்று இரண்டு பேருமே சரியான ஆளுக்காகத்தான் அழுதோம்.

என் கல்யாணத்துக்குப் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இவுக எனக்கு நாத்தனா," என்று அறிமுகம் செய்தாள். விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள், "ஆட்டோ அண்ணாச்சிக்கு அக்காவா!" என்று சூழ்ந்துகொண்டார்கள். மாமா ஒருவர் குழியருகே நான் விழுந்து அழுததை நடித்தே காட்டினார். (இன்றும் எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் இந்த நடிப்பு உண்டு.)

எல்லோரும் என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று அத்தை கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு பந்தலைச் சுற்றிப் பார்த்தார்.

"அவனை வழியனுப்ப நான் ஒருத்திதான் இருந்தேன்," என்றார். "இங்கே இத்தனை பேருக்கு அவன் பெயர் தெரிந்திருக்கிறது."

எல்லோரும் ஆட்டோ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் திருத்தவில்லை.