உருகினது ஐஸ்கிறீம், ஓடினது பிரபஞ்சம்

இண்டைக்கு எனக்கு ஒரேயொரு வேலை. லப்டொப்புக்குள்ள ஓடுற சிமியுலேசனை முடிச்சு, பின்னேரம் பேராசிரியருக்குக் காட்டவேணும். அவ்வளவுதான்.

விசயம் இருண்ட பொருள். கண்ணுக்குத் தெரியாது, ஆனா பிரபஞ்சம் முழுக்கத் திரள் திரளாக் கிடக்குது. ஒரு திரள் எப்பிடி வளரும் எண்டது அதைச் சுத்தி என்ன இருக்கு எண்டதில தங்கியிருக்கோ? இதைத்தான் ஒட்டுசுட்டான் எண்ட சின்ன ஊரில இருந்து நான் கண்டுபிடிக்கிறன். உலகமே காத்துக்கொண்டிருக்குது!

முடிய இன்னும் மூண்டு நாலு மணித்தியாலம். கரண்ட் போச்சு.

என்ர பற்றரியைப் பற்றிக் கதைச்சால் அழுகை வரும். திறந்த லப்டொப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு சந்தியிலிருக்கிற நசீர் நானாவின்ர கடைக்கு ஓடினன். அங்க ஜெனரேற்றர் இருக்கு.

"நானா, அவசரம்! ஒரு பிளக் தாங்கோ!"

"என்ன பிள்ளை, ஆருக்கும் சுகமில்லையா?"

"இல்லை நானா, பிரபஞ்சம் நிண்டிடும்."

"அப்ப சொருகுங்க" எண்டார். நல்ல மனுசன்.

அரிசி மூட்டைக்குப் பின்னால ஒரு பிளக். அதில ஏதோ ஒரு வயர். கழட்டிப்போட்டு என்ரயைச் செருகினன். என்ன வயரெண்டு பாக்க நான் என்ன எலக்ட்ரீசியனோ? விஞ்ஞானியெல்லோ!

மத்தியானம் கழிய சிமியுலேசன் முடிஞ்சுது. திரையில வந்த படம் அந்தமாதிரிச் சோக்கு! மூட்டையில இருந்துகொண்டே பேராசிரியருக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினன். அவர் படத்தைப் பெரிசாக்கிப் பாத்தார்.

"வடிவா இருக்கு. ஆனா சிமியுலேசனுக்கு நீர் எடுத்த பெட்டி, அந்தப் பிரபஞ்சத் துண்டு, சின்னனெல்லோ? பெரிய அளவிலான சுற்றாடலே இதுக்குள்ள இல்லை. பிறகு திரளை எதோட ஒப்பிட்டனீர்?"

அப்பத்தான் பின்னால இருந்து சத்தம் வந்துது.

"நானா! இதென்ன, ஐஸ்கிறீமோ, பால்தேத்தண்ணியோ?"

பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டிக்கு ஐஸ்கிறீம் எடுக்க வந்த ரீச்சர், பிரீசரைத் திறந்தபடி நிக்கிறா. பேராசிரியரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நானா கழண்டு கிடந்த வயரைப் பாத்தார். என்னைப் பாத்தார்.

"பிள்ளை, பிரபஞ்சம் நிக்கல்ல. பிரீசர்தான் நிண்டிருக்கு."

"அங்க பிள்ளையள் வெயிலுக்க வரிசையில நிக்குதுகள்!" ரீச்சருக்கு அழுகை வரப்பாத்துது.

"பெரிய பெட்டி எடுத்துத் திரும்பச் செய்யும்" எண்டு சொல்லிப்போட்டுப் பேராசிரியர் கட் பண்ணிட்டார்.

வேற வழி? உருகினதை வாளியில ஊத்தி, அடுத்த கடையில வாங்கின ஐஸ்கட்டி போட்டு, ரீச்சரோட மைதானத்துக்குப் போனன். பின்னேரம் முழுக்கக் கோப்பையில அள்ளி அள்ளிக் குடுத்தன்.

"மிஸ், இதென்ன?" எண்டு ஒரு பொடியன் என்னட்டக் கேட்டான்.

"மில்க்சேக்."

குடிச்சதுகள் எல்லாம் ஓடிப்போய் வரிசையின்ர கடைசியில திரும்ப நிண்டுதுகள்.

என்ர ஆராய்ச்சியை ஒருத்தரும் இப்பிடி ஆசைப்பட்டு இரண்டாந்தரம் கேட்டதில்லை.