ரங்கூனில் பனிக்குப் பயந்த மல்லிகை

அச்சில் வந்ததையெல்லாம் நம்புகிறவனோடு ஒரே வீட்டில் குடியிருக்கக் கூடாது. இதை நான் அனுபவித்துச் சொல்லவில்லை. என்னோடு குடியிருந்தவர்கள் அனுபவித்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவே ரங்கூனில் நான் இங்கிலீஷ் டியூஷன் வாத்தியார். தெருவே என்னை 'ஸயா' என்று கூப்பிடும், பர்மியத்தில் வாத்தியார். (தினமும் நாலு பேர் அப்படிக் கூப்பிட்டால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு தானாக வந்துவிடும். எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தது.)

என் மனைவி சரசுவின் தங்கை மரகதம், புருஷனை இழந்து எங்களோடு வந்து இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் கிடந்த வெற்றிடத்தில் மல்லிகைப் பதியன்கள் நட்டுத் தண்ணீர் சுமந்து வளர்த்தாள். வரப்போகும் பங்குனியில்தான் அவை முதல்முறையாகக் கொள்ளையாகப் பூக்க வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில், தன்லியின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கோயிலில் உத்திரத் திருவிழாவுக்கு மாலை கட்டித் தர ஒப்புக்கொண்டிருந்தாள். சொன்னபடி தந்தால் கோயில் வாசலில் பூக்கடை போட இடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கடை கிடைத்தால் அங்கேயே ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விடுவாள்.

"சின்ன ரூமாப் போதும்க்கா. எனக்கு எப்ப பசிக்குதோ அப்ப உலை வச்சுக்குவேன்" என்று ஒருநாள் சரசுவிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

இந்த நேரத்தில்தான் கியாக்டடா பேட்டையில் ஒரு நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அந்தப் புத்தகம் என் கண்ணில் பட்டது. இங்கிலீஷில் தோட்டக்கலை, வழவழ தாள், வண்ணப் படங்கள். அட்டையும் முன்பக்கங்களும் கிழிந்து போயிருந்ததால் எந்த நாட்டுப் புத்தகம் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. ஏதோ ஒரு குளிர்தேசம். அங்கே மண்ணே கல்லாக உறைந்து கிடக்குமாம். எங்கள் ஊரில் உறைவது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான், அதுவும் மார்கழி விடியலில்.

புத்தகம் சொன்னபடி மார்கழியில் எல்லாச் செடிகளுக்கும் வைக்கோல் அணைத்துக் கோணிச் சாக்கு போர்த்தினேன்.

"ஏங்க, நமக்கே போர்வை வேணாங்குது. அதுக்கு எதுக்குச் சாக்கு?" என்றாள் சரசு.

"பனி."

"எங்க?"

"வரும்."

பக்கத்து வீட்டுப் பர்மியக்காரி டோ டின் வேலியோரம் வந்து நின்று பார்த்தாள். "ஸயா, செடிக்குக் காய்ச்சலா? இஞ்சித் தண்ணி குடுத்தீங்களா?" (பர்மியத்தில்தான் கேட்டாள். பர்மியத்தில் இன்னும் நன்றாக வலிக்கும்.)

வசந்தத்தின் தொடக்கத்தில் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்ட வேண்டும் என்றது புத்தகம். நான் யோசித்தேன். தமிழில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அப்படியானால் அதன் வாசல்படி மாசிக் கடைசி. புத்தகமும் மார்ச் என்கிறது. இரண்டு மொழியும் கைகுலுக்கிக்கொண்டதைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. கத்தரிக்கோலோடு இறங்கினேன்.

"அத்தான், அரும்பு வர்ற மாதிரி இருக்கே?" என்றாள் மரகதம்.

"இப்ப வெட்டினா திருவிழாவுக்கு ரெண்டு பங்கா வரும்."

"நெசமாவா?"

"படமே போட்டிருக்கான், பாரு."

இடப்பக்கம் மொட்டைக் கட்டை, வலப்பக்கம் பூக்காடு. இரண்டுக்கும் நடுவே எத்தனை மாதம் என்று படம் சொல்லவில்லை. மரகதம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி அத்தான், நீங்க படிச்சவங்க" என்று கிளைகளைத் தானே வளைத்துப் பிடித்துக் கொடுத்தாள். நான் வெட்டினேன்.

அதோடு விட்டிருந்தால் மழைக்காலத்திலாவது துளிர்த்திருக்கும். ஆனால் அடுத்த பக்கம் புரட்டினேனே! 'குளிர்ந்த மண்ணைக் கறுப்புப் பாலிதீன் விரித்துச் சூடாக்குக.' செருப்பில்லாமல் தெருவில் இறங்கினால் தானாக நாட்டியம் வரும் ரங்கூன் வெயிலில், நான் மண்ணைச் சூடாக்கினேன். ஓரங்களில் செங்கல் வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, துளிர் வந்திருக்கிறதா என்று பார்க்க மரகதம் பாலிதீனை ஒதுக்கினாள். கீரை வேகும் வாசனை வந்தது. ஒரு கட்டையைத் தொட்டாள். வேரோடு கையில் வந்துவிட்டது.

"மண்ணு சுடுது அத்தான்" என்றாள்.

சந்தையில் பூ வாங்கிக் கட்டலாம் என்று போனாள். திருவிழா நேரத்து விலை அவள் கைக்கு எட்டவில்லை. மாலையும் கடையும் வேறொருத்திக்குப் போயின. சந்தைப் பூவை நான் வாங்கிக் கொடுத்திருக்கலாம். கொடுக்க முடியாமலும் இல்லை. "இங்க உனக்கு என்னம்மா குறை? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன். அன்று எனக்குள் வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. மூன்று வேளையும் சமைக்கிறவள் போகவில்லை. புத்தகத்தை நம்பியது முட்டாள்தனம். இந்த நிம்மதிக்கு வேறு பெயர். அடுத்த வருஷம் அவளும் செடி வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் இந்தக் கதை உண்டு. சொல்கிறவள் மரகதம்தான். மூக்குக் கண்ணாடியை நான் தள்ளிவிடுகிற மாதிரியே தள்ளிவிட்டு, "வரும்" என்பாள், பந்தலே அதிரும். டோ டின்னின் இஞ்சித் தண்ணியையும் விடமாட்டாள். ஆனால் அவள் சொல்கிற கதையில் தன்லியினும் அந்த அறையும் ஒருநாளும் வந்ததில்லை.

போன பொங்கலன்று என் பேத்தி கேட்டாள்: "அப்புறம் என்னாச்சு, சின்னப் பாட்டி?"

"அப்புறம் என்ன? ஒங்க தாத்தாவுக்குப் பசி வந்திருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். மரகதமும் சிரித்துக்கொண்டே எழுந்து, எனக்குச் சோறு போட உள்ளே போனாள்.